செருப்புத் தொழிற்சாலையில் இருந்து ஒலிம்பிக் மைதானத்துக்கு
ஒரே வாரத்தில் 3 தங்கப்பதக்கம் வென்ற தொழிலாளி எமில் ஜடோபெக்

காலை 6 மணிக்கே ஸ்ரீராம்புரம் தெருக்களில் வேலைக்குச் செல்கிறவர்களின் நடமாட்டம் தொடங்கி விடும். ஒரு காலத்தில் பஞ்சாலை சங்கு ஊதியதும், சாப்பாட்டுத் தூக்குடன் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். இப்போது மெட்ரோ ரெயில் ஏறி பீனியா தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர ஓடாதவர்கள் நம்மில் யாரும் இல்லை.

அப்படி ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பையன், உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரராக ஆன வரலாறு இது.

அவர் பெயர், எமில் ஜடோபெக். நாடு, செக்கோஸ்லோவாகியா. (இந்த நாடு 1993-ம் ஆண்டு தொடக்கத்தில் செக், சுலோவாகியா என்று இரண்டாகப் பிரிந்து விட்டது.)

1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5 ஆயிரம் மீட்டர், 10 ஆயிரம் மீட்டர், மராத்தான் ஆகிய 3 ஓட்டங்களிலும் அவர் தங்கப்பதக்கம் வாங்கினார். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்றவர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஏழைக் குடும்பம்

1922-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி, கோப்ரிவ்னிட்சே என்ற சிறு நகரத்தில் ஜடோபெக் பிறந்தார். தந்தை, தச்சுத் தொழிலாளி. வீடு நிறையக் குழந்தைகள். வருமானம் குறைவு.

மேல் படிப்புக்கு வசதி இல்லை. 16 வயதில், ஸ்லின் நகரில் இருந்த பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் ஜடோபெக் வேலைக்குச் சேர்ந்தார்.

பாட்டா என்றதும் நமக்கு நம் ஊர் செருப்புக்கடை நினைவுக்கு வரும். அந்தக் கம்பெனி பிறந்த ஊர், ஸ்லின்தான். பின்னர் அது பல நாடுகளிலும் கிளை பரப்பியது. கல்கத்தா அருகே உள்ள பாட்டாநகர், அந்தக் கம்பெனியின் பெயரால் உருவான ஊர்.

ஸ்லின் தொழிற்சாலையில் சேரும் பையன்கள், பகலில் வேலை செய்ய வேண்டும். மாலையில் கம்பெனி பள்ளியில் படிக்க வேண்டும். இரவில் கம்பெனி விடுதியில் தங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. அங்கே ஜடோபெக் நின்றபடி செருப்பு வேலை பார்த்தார்.

1939-ம் ஆண்டு ஜெர்மனியின் ஹிட்லர் படை செக் நாட்டைப் பிடித்துக்கொண்டது. யுத்தம் வந்தது. உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தொழிற்சாலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட மறுத்தார்

1941-ம் ஆண்டு, கம்பெனி சார்பில் ஊருக்குள் ஓட்டப்பந்தயம் ஒன்று நடந்தது. தொழிற்சாலையின் விளையாட்டு ஆசிரியர், கண்டிப்பானவர். 4 பையன்களைச் சுட்டிக்காட்டி, பந்தயத்தில் ஓடும்படி உத்தரவு போட்டார். அந்த நால்வரில் ஒருவர், 18 வயது ஜடோபெக்.

ஜடோபெக்குக்கு விருப்பம் இல்லை. தன் உடம்பு பலவீனமானது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். ஆசிரியர் விடவில்லை. டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சோதித்துப் பார்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்து விட்டார்!

வேறு வழி இல்லை. ஜடோபெக் ஓடினார்.

ஓடத் தொடங்கியதும் அவருக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. முன்னால் ஓடுகிறவனைப் பிடிக்க வேண்டும் என்ற வேகம் வந்தது. சுமார் 100 பேர் ஓடிய அந்தப் பந்தயத்தில் 2-வதாக வந்தார்.

தனக்குள் இப்படி ஒரு பிடிவாதம் இருப்பது, அன்று வரை அவருக்கே தெரியாது. அதை அவருக்குக் காட்டிக் கொடுத்தது, அந்தப் பந்தயம்தான். அதன்பின் உள்ளூர் விளையாட்டு சங்கத்தில் சேர்ந்தார். வேலை முடிந்ததும் மைதானத்துக்குப் போனார்.

புதிய பயிற்சி

ஓட்டத்தில் அவருக்கு குரு என்று சொன்னால், பின்லாந்து வீரர் நூர்மியைத்தான் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் 9 தங்கப்பதக்கங்கள் வாங்கியவர், நூர்மி. ஆனால் அவரை ஜடோபெக் நேரில் பார்த்துப் பாடம் கேட்கவில்லை. நூர்மியின் பயிற்சி பற்றிப் படித்ததை வைத்துக்கொண்டு, தானே ஒரு முறையை உண்டாக்கினார்.

அந்தக் காலத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர், ஒரே சீராக வெகுதூரம் ஓடிப் பழகுவார்கள். ஜடோபெக் அப்படிச் செய்யவில்லை. மெதுவாக ஓட யாரும் கற்றுக்கொள்ளத் தேவை இல்லை, வேகமாக ஓடத்தான் கற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் 400 மீட்டர் தூரத்தை வேகமாக ஓடுவார். அடுத்து கொஞ்ச தூரம் மெல்ல ஓடி மூச்சு வாங்கிக்கொள்வார். மறுபடியும் 400 மீட்டர். இப்படி ஒரே நாளில் 20 தடவை ஓடினார். பிறகு அதை 40, 60 என்று உயர்த்தினார்.

60 தடவை 400 மீட்டர் என்றால், 24 கிலோ மீட்டர். அதுவும் வேகமாக!

பார்த்தவர்கள், பைத்தியக்காரத்தனம் என்றார்கள். இந்தப் பையன் சீக்கிரம் உடம்பைக் கெடுத்துக்கொண்டு படுத்து விடுவான் என்றார்கள். ஜடோபெக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பனி பெய்யும் காட்டில் கனமான ராணுவ பூட்சுடன் ஓடினார். மழை பெய்தாலும் ஓடினார். வெளியே போக முடியாத நாளில், குளியல் தொட்டியில் அழுக்குத் துணிகளைப் போட்டு, அதன் மேல் நின்ற இடத்திலேயே ஓடினார். துணியும் வெளுத்தது, பயிற்சியும் முடிந்தது.

இன்று உலகம் முழுவதும் ஓட்டக்காரர்கள், விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சியைச் செய்கிறார்கள். கண்டீரவா மைதானத்தில் பயிற்சி பெறும் பிள்ளைகளும் அப்படித்தான் ஓடுகிறார்கள். அந்த முறையை உலகம் நம்பி ஏற்கும்படி செய்தவர்களில் முக்கியமானவர், இந்த செருப்புத் தொழிலாளி.

1944-ம் ஆண்டில் 2 ஆயிரம், 3 ஆயிரம், 5 ஆயிரம் மீட்டர் ஓட்டங்களில் செக் நாட்டு சாதனைகளை முறியடித்தார். யுத்தம் முடிந்ததும் தொழிற்சாலையை விட்டு ராணுவத்தில் சேர்ந்தார்.

லண்டன் ஒலிம்பிக்

யுத்தம் காரணமாக 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் நடக்கவில்லை. 12 ஆண்டுகளுக்குப் பிறகு 1948-ல் லண்டனில் நடந்தது.

சுதந்திர இந்தியா கலந்து கொண்ட முதல் ஒலிம்பிக், இதுதான். பெங்களூரைச் சேர்ந்த ராமன், பிரான்சு நாட்டுக்கு எதிரான கால்பந்து பந்தயத்தில் ஜூலை 31-ந் தேதி கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோல் அது.

அதற்கு முதல் நாள், ஜூலை 30-ந் தேதி, 10 ஆயிரம் மீட்டர் ஓட்டம் நடந்தது. உலக சாதனையாளரான பின்லாந்து வீரர் ஹெய்னோதான் ஜெயிப்பார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

ஜடோபெக் ஓடுவதைப் பார்த்த ரசிகர்களுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் ஓடும் விதம் அப்படி. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். தோள் குலுங்கும். நாக்கு வெளியே தொங்கும். பிரசவ வேதனைப்படுகிறவர் போல முகம் கோணும். இவர் இந்தச் சுற்றிலேயே விழுந்து விடுவார் போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இடுப்புக்குக் கீழே, கால்கள் கடிகாரம் போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்.

பந்தயத்தின் நடுவே ஜடோபெக் வேகத்தைக் கூட்டினார். ஈடுகொடுக்க முடியாமல் ஹெய்னோ வெளியேறி விட்டார். ஜடோபெக் 29 நிமிடம் 59.6 வினாடியில் ஓடி தங்கப்பதக்கம் வென்றார். 2-வதாக வந்தவர், பிரான்சு நாட்டு வீரர் மிமூன்.

0.2 வினாடியில் தோல்வி

3 நாள் கழித்து 5 ஆயிரம் மீட்டர் இறுதிப் பந்தயம். மழை பெய்து மைதானம் சேறாகக் கிடந்தது. பெல்ஜியம் வீரர் ரைப், வெகுதூரம் முன்னால் போய் விட்டார். கடைசி சுற்றுக்கு மணி அடித்தபோது, ஜடோபெக் தோற்று விட்டார் என்றே எல்லோரும் நினைத்தனர்.

அப்போதுதான் ஜடோபெக் விசை கொடுத்தது போலப் பாய்ந்தார். சேற்றில் கால் வழுக்க, கைகளை வீசிக்கொண்டு ஓடினார். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. இன்னும் சில மீட்டர் இருந்திருந்தால் ஜடோபெக் ஜெயித்திருப்பார். 0.2 வினாடி வித்தியாசத்தில் ரைப் வென்றார்.

வெள்ளிப்பதக்கம்தான் கிடைத்தது. ஆனால் தோற்றுப்போன பந்தயத்தையும் கடைசி அடி வரை ஓடி முடிக்கும் குணத்தை, அந்த ஒரு சுற்றில் உலகம் பார்த்தது.

ஒரே நாளில் பிறந்த ஜோடி

அதே 1948-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜடோபெக் திருமணம் செய்துகொண்டார். மணமகள், ஈட்டி எறியும் வீராங்கனை டானா. இதில் ஒரு அதிசயம், டானாவும் 1922-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி பிறந்தவர். கணவனும் மனைவியும் ஒரே நாளில் பிறந்தவர்கள்!

1949 முதல் 1951 வரை ஜடோபெக் தொட்டதெல்லாம் துலங்கியது. 10 ஆயிரம் மீட்டரில் உலக சாதனை படைத்தார். 1950-ல் ஐரோப்பிய போட்டியில் 2 தங்கம் வாங்கினார். 1951-ல் ஒரு மணி நேரத்தில் 20 ஆயிரத்து 52 மீட்டர் ஓடினார். ஒரு மணி நேரத்தில் 20 கிலோ மீட்டரைத் தாண்டிய முதல் மனிதர், அவரே.

நண்பனுக்காக

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தது. செக் அணி புறப்படும் நேரத்தில் ஒரு சிக்கல் ஏற்பட்டது.

அணியில் யுங்விர்ட் என்ற இளம் ஓட்டக்காரர் இருந்தார். அவருடைய தந்தை அரசியல் கைதி. அப்போது செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டு ஆட்சி நடந்தது. அரசை எதிர்த்தவரின் மகன் வெளிநாட்டுக்குப் போகக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்து விட்டனர்.

ஜடோபெக் ராணுவ அதிகாரி. அவர் வாயைத் திறக்காமல் விமானம் ஏறியிருந்தால், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் யுங்விர்ட் வராவிட்டால் தானும் வர மாட்டேன் என்று அவர் சொல்லி விட்டார். அணி ஏறிய விமானத்தில் அவர் ஏறவில்லை.

அந்த நாளில் அது சாதாரண காரியம் அல்ல. வேலை போகலாம், சிறைக்கும் போகலாம். 10 வருட உழைப்பு வீணாகிப் போகலாம். எல்லாம் தெரிந்துதான் அவர் மறுத்தார்.

கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. ஜடோபெக், யுங்விர்ட் இருவரும் அடுத்த விமானத்தில் ஹெல்சிங்கி போய்ச் சேர்ந்தனர். (இந்த யுங்விர்ட், 1957-ல் 1,500 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தார்.)

8 நாளில் 3 தங்கம்

அந்த ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. மல்யுத்த வீரர் ஜாதவ் வெண்கலப்பதக்கம் வாங்கினார். கால்பந்தில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10 கோல் வாங்கித் தோற்றபோது, நமக்காக ஒரே ஒரு கோல் அடித்தவர் பெங்களூர் வீரர் அகமது கான்.

ஜூலை 20-ந் தேதி 10 ஆயிரம் மீட்டர். ஜடோபெக் சுலபமாக வென்றார். மிமூன் மீண்டும் 2-வது.

ஜூலை 24-ந் தேதி 5 ஆயிரம் மீட்டர். இது கடும் போட்டி. கடைசி சுற்றில் 3 பேர் ஜடோபெக்கைத் தாண்டிப் போய் விட்டார்கள். இங்கிலாந்து வீரர் சாட்டவே, ஜெர்மனி வீரர் ஷாடே, மூன்றாவது மிமூன். கடைசி வளைவில் ஜடோபெக் 4-வது ஆள். அதற்கு மேல் முடியாது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஜடோபெக் வெளிப்புறமாகப் பாய்ந்து மூவரையும் தாண்டினார். சாட்டவே தடுக்கி விழுந்தார். 14 நிமிடம் 6.6 வினாடியில் ஜடோபெக் முதலில் வந்தார். மிமூனுக்கு மறுபடியும் வெள்ளி.

அன்றே சிறிது நேரத்தில் டானா ஈட்டி எறிந்தார். முதல் வீச்சிலேயே 50.47 மீட்டர். தங்கப்பதக்கம்! ஒரே நாளில், ஒரே மைதானத்தில், கணவனுக்கும் மனைவிக்கும் தங்கம்.

மராத்தான்

இத்துடன் நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் ஜூலை 27-ந் தேதி மராத்தான் ஓடப்போவதாக ஜடோபெக் அறிவித்தார். மராத்தான் என்பது 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். அதற்கு முன் தன் வாழ்நாளில் அவர் ஒரு மராத்தான்கூட ஓடியது இல்லை.

ஓடி அனுபவம் பெற்றவர்களுக்கே மராத்தான் பெரிய சோதனை. கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்த சவுகுலே, 1920-ல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் மராத்தானில் ஓடி 19-வதாக வந்தார். 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பீகாரைச் சேர்ந்த ராணுவ வீரர் சிவ்நாத் சிங் 11-வதாக வந்தார். இவை நம் நாட்டுக்குப் பெருமை தந்த ஓட்டங்கள்.

1952-ல் மராத்தானின் ராஜா, இங்கிலாந்து வீரர் ஜிம் பீட்டர்ஸ். ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம் முன்புதான் உலகிலேயே வேகமான மராத்தானை ஓடியிருந்தார். அவர் பக்கத்திலேயே ஓடினால் போதும் என்று ஜடோபெக் முடிவு செய்தார்.

ஆரம்பத்தில் பீட்டர்ஸ் மிக வேகமாக ஓடினார். வழியில் ஜடோபெக் அவரிடம், இந்த வேகம் சரிதானா என்று கேட்டார். மராத்தானுக்குப் புதியவர் அல்லவா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பீட்டர்ஸ் களைத்திருந்தார். ஆனாலும் போட்டியாளரைத் திசை திருப்ப எண்ணி, வேகம் போதாது என்று சொல்லி விட்டார். ஜடோபெக் அதை அப்படியே நம்பி, வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்! 30 கிலோ மீட்டருக்கு மேல் பீட்டர்சுக்குக் கால் பிடித்துக்கொண்டது. பந்தயத்தில் இருந்து விலகினார்.

ஜடோபெக் வழி நெடுக, சாலையோரம் நின்றவர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டு ஓடினார். கடைசி சில கிலோ மீட்டர்களில் பேச்சு நின்றது. பாதம் கொப்பளித்தது. உடம்பு கெஞ்சியது. அப்படியும் நிற்கவில்லை.

அவர் மைதானத்துக்குள் நுழைந்தபோது, கூடியிருந்த அத்தனை பேரும் அவர் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். 2 மணி 23 நிமிடம் 3.2 வினாடி. பழைய ஒலிம்பிக் சாதனையைவிட 6 நிமிடம் குறைவு! 2-வதாக வந்த அர்ஜென்டினா வீரர் கோர்னோ, இரண்டரை நிமிடம் கழித்துத்தான் வந்தார். ஜமைக்கா நாட்டு ஓட்டக்காரர்கள் ஜடோபெக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். தன் நாட்டு வீரருக்கு மட்டும் கை தட்டும் வழக்கத்தை, அன்று எல்லா நாட்டவரும் மறந்தார்கள்.

1954-ல், 10 ஆயிரம் மீட்டரை 29 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது. மொத்தம் 18 உலக சாதனைகள் அவர் பெயரில் பதிவாயின.

தோல்வியிலும் வணக்கம்

எந்தக் குதிரையும் ஒரு நாள் களைக்கும். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு முன் ஜடோபெக்குக்கு அடிவயிற்றில் காயம் ஏற்பட்டு, பல வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஆனாலும் மராத்தான் ஓடினார். 6-வதாக வந்தார்.

முதலில் வந்தவர் யார் தெரியுமா? மிமூன். 3 முறை ஒலிம்பிக்கில் ஜடோபெக்குக்குப் பின்னால் வந்து வெள்ளி வாங்கிய அதே மிமூன்.

ஜெயித்த மிமூன், கொண்டாடப் போகவில்லை. எல்லைக்கோட்டில் நின்று நண்பருக்காகக் காத்திருந்தார். நாலரை நிமிடம் கழித்து ஜடோபெக் தள்ளாடி வந்து சேர்ந்தார். தான் வென்ற செய்தியை மிமூன் சொன்னார். ஜடோபெக் நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றி, ராணுவ முறையில் மிமூனுக்கு வணக்கம் செலுத்தினார். பிறகு கட்டித் தழுவிக்கொண்டார். தங்கப்பதக்கத்தைவிட அந்தத் தழுவல்தான் பெரிது என்று மிமூன் கடைசி வரை கருதினார்.

கொடுத்து விட்ட பதக்கம்

1957-ல் ஜடோபெக் போட்டிகளில் இருந்து ஓய்வு பெற்றார். 1966-ல் ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் ரான் கிளார்க், பிராக் நகருக்கு ஓட வந்தார். கிளார்க் பல உலக சாதனைகள் படைத்தவர். ஆனால் ஒலிம்பிக் தங்கம் மட்டும் அவருக்கு எட்டவில்லை.

திரும்பிப் போகும் கிளார்க்கை வழியனுப்ப ஜடோபெக் விமான நிலையத்துக்கு வந்தார். ஒரு சிறு பொட்டலத்தை கிளார்க்கின் கையில் வைத்தார். ஏதோ ரகசியக் கடிதமாக இருக்குமோ என்று கிளார்க் பயந்தார். விமானத்தில் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது, 1952-ல் 10 ஆயிரம் மீட்டர் ஓட்டத்தில் ஜடோபெக் வாங்கிய ஒலிம்பிக் தங்கப்பதக்கம்!

கிளார்க்குக்குக் கண் கலங்கியது. பிற்காலத்திலும் ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. கையில் இருந்தது, ஜடோபெக் கொடுத்த தங்கம் ஒன்றுதான்.

ரஷிய டாங்கிகள்

1968-ல் செக்கோஸ்லோவாகியாவில் டுப்செக் தலைமையில் புதிய காற்று வீசியது. மக்களுக்குப் பேச்சு சுதந்திரம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதை ஆதரித்து வெளியான அறிக்கையில் ஜடோபெக்கும் கையெழுத்துப் போட்டார். அப்போது அவர் ராணுவத்தில் கர்னல்.

ஆகஸ்டு 20-ந் தேதி இரவு, ரஷியாவும் அதன் கூட்டாளி நாடுகளும் படையெடுத்தன. பிராக் நகரத் தெருக்களில் டாங்கிகள் வந்து நின்றன. ஜடோபெக் வீட்டில் பதுங்கவில்லை. வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் போனார். மக்கள் கூட்டத்தில் பேசினார். ரஷிய சிப்பாய்களிடமே போய், அவர்கள் மொழியில் வாதாடினார். அந்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் ரஷியாவைச் சேர்க்கக்கூடாது என்றும் கூறினார்.

அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. கட்சியில் இருந்து நீக்கினார்கள். ராணுவ வேலை போயிற்று. நாடே கொண்டாடிய வீரருக்கு, பிராக் நகரில் வேலை கொடுக்க ஆள் இல்லை.

நிலத்தில் துளை போடும் ஒரு கம்பெனியில் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போக வேண்டும். வண்டியில் பொருத்திய சிறு அறையில் மற்ற தொழிலாளர்களோடு தங்க வேண்டும். மனைவியைப் பார்க்க எப்போதாவதுதான் வீட்டுக்கு வர முடியும். 50 வயதை நெருங்கும்போது இந்த வாழ்க்கை. இப்படிச் சில ஆண்டுகள் கழிந்தன. அவர் குப்பை அள்ளினார் என்று வெளிநாடுகளில் கதை பரவியது. ஆண்டுக்கணக்கில் அவர் பார்த்தது, இந்தத் துளை போடும் வேலைதான்.

பணிந்தார்

1971-ல் ஒரு சம்பவம் நடந்தது. அதை மறைத்து இந்த வரலாற்றை எழுதுவது நியாயம் ஆகாது.

1968-ல் தான் நடந்துகொண்டது தவறு என்று ஜடோபெக் பத்திரிகையில் தெரிவித்தார். அரசாங்கத்துக்குப் பணிந்து விட்டார். அவருடன் நின்ற பலர், அவ்வாறு பணியாமல் துன்பப்பட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு இது பெரிய அடியாக இருந்தது. சிலர் கடைசி வரை அவரை மன்னிக்கவில்லை.

மைதானத்தில் நாக்கு தள்ளினாலும் நிற்காத மனிதர், இங்கே ஏன் நின்று விட்டார்? பந்தயத்துக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. இன்னும் எத்தனை சுற்று என்று தெரியும்; மணியும் அடிப்பார்கள். மனைவியைப் பிரிந்து, ஊரை விட்டு, எப்போது முடியும் என்றே தெரியாத தண்டனைக்கு அந்த மணி கிடையாது. தினமும் வீட்டை விட்டு வெகுதூரத்தில் உழைப்பவர்கள், அவர் நிலையைப் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்வது வேறு, சரி என்று சொல்வது வேறு. 1952-ல் விமானம் ஏற மறுத்தவரும் அவர்தான். 1971-ல் பணிந்தவரும் அவர்தான்.

கடைசி காலம்

சில ஆண்டுகளுக்குப் பின் அவரை பிராக் நகருக்குத் திரும்ப அனுமதித்தனர். அவருக்குப் பல மொழிகள் தெரியும். வெளிநாட்டு விளையாட்டுப் பத்திரிகைகளைப் படித்து மொழிபெயர்க்கும் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதை ஓய்வு பெறும் வரை பார்த்தார். 1975-ல், நேர்மையான விளையாட்டுக்காக யுனெஸ்கோ வழங்கும் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1989-ல் கம்யூனிஸ்டு ஆட்சி வீழ்ந்தது. 1990-ல், ஜனாதிபதி ஹாவெல் காலத்தில், ஜடோபெக் மீது இருந்த களங்கம் துடைக்கப்பட்டது. தன்னைத் தண்டித்தவர்கள் மீது அவர் வழக்குப் போடவில்லை. யாரையும் குறை கூறிக்கொண்டு திரியவும் இல்லை.

2000-ம் ஆண்டு நவம்பர் மாதம் பிராக் நகரில் ஜடோபெக் மரணம் அடைந்தார். வயது 78. உடல், தேசிய நாடக அரங்கத்தில் வைக்கப்பட்டது. பல நாடுகளில் இருந்து ஓட்டக்காரர்கள் வந்து அஞ்சலி செலுத்தினர். டானா அதன்பின் 20 ஆண்டு வாழ்ந்து, 2020-ல் தன் 97-வது வயதில் காலமானார்.

ஜடோபெக்கின் 18 உலக சாதனைகளும் எப்போதோ முறியடிக்கப்பட்டு விட்டன. 1954-ல் உலகமே வியந்த அவருடைய 10 ஆயிரம் மீட்டர் நேரத்தை, இன்று நம் நாட்டு வீரர்களே தாண்டி ஓடுகிறார்கள். அது இயற்கை. சாதனை என்பது, அடுத்தவர் வந்து உடைப்பதற்காக வைத்து விட்டுப்போவது.

ஆனால் ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது, பயிற்சியாளர்கள் இன்றும் அவர் கதையைத்தான் சொல்கிறார்கள். நண்பனுக்காக அவர் ஏறாத விமானத்தைச் சொல்கிறார்கள். மெல்போர்னில் தோற்று வந்து வைத்த வணக்கத்தைச் சொல்கிறார்கள். பொட்டலத்தில் கொடுத்து விட்ட பதக்கத்தைச் சொல்கிறார்கள்.

18 வயதில், உடம்பு சரியில்லை என்று சொல்லி ஓட்டத்தில் இருந்து தப்பிக்கப் பார்த்த பையன் அவர். அன்று அந்த டாக்டர் இரக்கப்பட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், ஸ்லின் தொழிற்சாலையில் ஆயிரத்தில் ஒரு தொழிலாளியாக செருப்பு செய்துகொண்டே வாழ்ந்திருப்பார். தனக்குள் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.